கேட்காத பக்கத்தில் உட்கார்ந்த மனிதர்

கணவர் திருமூர்த்தி இறந்து இரண்டு வருடம் கழித்து அவருடைய காதல் கவிதைகள் புத்தகமாக வந்தன. பழனாத்தாளுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. கிணத்துக்கடவில் தேங்காய் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த மனிதர் நோட்டில் ஏதோ எழுதுவார் என்பது அவளுக்குத் தெரியும். என்ன எழுதினார் என்று கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

சின்ன வயதில் சீழ் பிடித்த அவளது இடது காதை மில் சத்தம் முழுதாகவே அடைத்துவிட்டது. திருமூர்த்தியோ பஸ்ஸில் ஏறினால் தவறாமல் அவளுக்கு இடது பக்கமாகவே உட்காருவார். எதையாவது முணுமுணுப்பார். "இந்தப் பக்கம் உக்காந்து பேசுனா எனக்கு எப்படிக் கேக்குமுங்க?" என்று முப்பத்தைந்து வருடம் சலித்துக்கொண்டாள். அவர் சிரிப்பார். அடுத்த முறையும் இடது பக்கமே உட்காருவார்.

நோட்டுகளைத் தொகுத்தவர் அருள்குமார் என்ற கல்லூரிப் பேராசிரியர். கல்யாணத்துக்கு முன் திருமூர்த்தி பாலக்காட்டில் இரண்டு வருடம் படித்தார் என்பதைத் தேடிப்பிடித்து, அங்கே ஒரு காதல் கைகூடாமல் போயிருக்க வேண்டும், எல்லாக் கவிதையும் அதிலிருந்து பிறந்ததுதான் என்று முன்னுரை எழுதினார். வெளியீட்டு விழா ஆர்.எஸ்.புரத்தில் நடந்தது. மேடையில் பழனாத்தாளுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, அவளை வைத்துக்கொண்டே அந்தக் காதலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பக்கத்தில் இருந்த மகள் நித்யஸ்ரீ, அவர் விளக்கிக்கொண்டிருந்த கவிதையை அம்மாவின் வலது காதில் படித்துக் காட்டினாள்.

'நீ கேட்காத பக்கத்தில்
உட்கார்ந்து சொல்கிறேன்,
அதனால்தான் இதில் பொய் இல்லை.'

பழனாத்தாள் எழுந்துபோய் மைக்கை வாங்கினாள்.

"ஏனுங்க, கேக்காத பக்கம்னா பாலக்காடு இல்லீங்க. என்ற இடது காது."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அருள்குமார் பக்குவமாகத்தான் சொன்னார்: "வாழ்க்கையை இப்படி நேராப் பொருத்துனா கவிதை சுருங்கிப்போயிருமுங்கம்மா."

"பாலக்காட்டுக்குப் பொருத்துனா மட்டும் சுருங்காதுங்களா?"

அன்று வீடு திரும்பும்வரை அவளுக்கு எரிச்சல் தணியவில்லை. பேராசிரியர் மேல் கொஞ்சம், செத்துப்போன மனிதர் மேல் நிறைய. வலது பக்கம் உட்கார்ந்து ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மறுநாளே பென்சிலை எடுத்துக்கொண்டு புத்தகத்தை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தாள். தன்னைப் பற்றியது என்று தெரிந்த கவிதைக்கு டிக் போட்டாள். தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்தவள், அவளேதான். ரசத்தில் உப்பை மறந்தவள், அதுவும் அவளேதான். ஐம்பத்தாறாம் பக்கத்தில் பென்சில் நின்றது. வாளையாறில் மழை ஓய்ந்த பிறகும் குடையை மடக்காமல் நிற்கிற ஒருத்தி. பழனாத்தாள் வாளையாறு போனதே இல்லை.

உடனே அருள்குமாருக்குப் போன் செய்தாள்.

"ஐம்பத்தாறாம் பக்கம் எந்த வருசம் எழுதுனதுங்க?"

"அதுல தேதி இல்லீங்கம்மா. வாளையாறு பாலக்காடு போற வழிதான். ஆனா எல்லாம் உங்களப் பத்தினதுன்னு நீங்கதான் மேடையில…"

"எல்லாமுன்னு நான் எங்கீங்க சொன்னேன்?" என்று போனை வைத்துவிட்டாள்.

"கற்பனையா இருக்கும், உடும்மா" என்றாள் நித்யஸ்ரீ.

"அது கற்பனைன்னா என்ற காது மட்டும் எப்படி நெசமாச்சு கண்ணு?"

இந்த வருடம் இரண்டாம் பதிப்பு வருகிறது. முன்னுரையைத் திருத்தி எழுதவேண்டும், டிக் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று அருள்குமார் நேரில் வந்து கேட்டார். காபி கொடுத்தாள். புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

"நான் இன்னும் படிச்சு முடிக்கலீங்க" என்றாள்.

நான்கு முறை முடித்திருந்தாள். ஐம்பத்தாறாம் பக்கத்தில் டிக் போட்டு அழித்து, கேள்விக்குறி போட்டு அழித்து, தாள் அந்த இடத்தில் நைந்துபோயிருந்தது.