ட்ரெவின் மலையும் நூற்றொன்பது விரல்களும்

லிட்டில்டன் துறைமுகத்துக்காரரான ஆல்ஃப் ஹடார்ட், தென் துருவப் பனியில் பதினாறு மாதம் சமையல்காரராக இருந்தவர். அவரையும் சேர்த்து அங்கே பதினோரு பேர். கிளம்பும்போது வீட்டில் நாலு மாதக் குழந்தை. "போயிட்டு வா ஆல்ஃப். போகலேன்னா ஆயுசு முழுக்க இதையே சொல்லி என் உசுரை எடுப்பே" என்று சொல்லி அனுப்பினாள் மனைவி ஈனிட். அதோடு விடாமல், பதினோரு பேரையும் காகிதத்தில் இரண்டு கைகளையும் வரைந்து அனுப்பச் சொல்லி வாங்கி, ஆளுக்கொரு ஜோடி கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்தாள்.

இவளுக்கு என்ன கைம்மாறு செய்வது என்பதுதான் ஊர் திரும்பிய ஆல்ஃபின் ஒரே கவலை. புதிதாக அளந்த மலைகளுக்கு, கூட வந்த நில அளவையாளர் நோயல் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் வெட்கத்தை விட்டு ஒரு மலை கேட்டார். ஈனிட் மலை என்று எழுதிப் போனதை, பெயர்களுக்கு ஒப்புதல் தரும் குழு அடித்துத் திருப்பியது. மனைவி பெயர், காதலி பெயர், நாய் பெயர் எதுவும் கூடாதாம். துருவம் போய் வரும் ஆண்கள் அத்தனை பேரும் இதையேதான் கேட்கிறார்கள் என்று செயலாளர் அலுத்துக்கொண்டிருந்தார்.

ஆல்ஃப் விதிகளை வாங்கிப் படித்தார். பயணத்துக்குப் பொருள் தந்தவர்களின் குடும்பப்பெயரை வைக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. பிஸ்கட் கொடுத்தவனுக்கே மலை உண்டு, கையுறை கொடுத்தவளுக்கு இல்லையா? ஹடார்ட் என்று வைத்தால் பெருமை தனக்கு வந்துவிடும். அதனால் அவள் பிறந்த வீட்டுப் பெயரான ட்ரெவினை எழுதச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் நோயல் எழுதினார்: 'இவர் பின்னிய கையுறைகளால் பதினோரு பேரின் நூற்றுப்பத்து விரல்களும் பத்திரமாகத் திரும்பின.'

ஒன்பது மாதம் கழித்து, ஆல்ஃப் நம்பிக்கை இழந்திருந்த ஒரு காலையில், வரைபடமும் கூடவே பெயர்க்காரணக் குறிப்பும் வந்தன. ஈனிட் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தன் அப்பாவின் பெயரை மலைமேல் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. காரணத்தை இரண்டு முறை வாசித்தாள்.

"தப்பா போட்டிருக்காங்களே. நூத்தி ஒம்போதுதான்."

ஆல்ஃப் மனசுக்குள் பதினொன்றைப் பத்தால் பெருக்கிப் பார்த்தார்.

"உன்கூட வந்த தச்சர் வாலிக்கு இடது கையில சுண்டுவிரல் ஏது? எப்பவோ ரம்பத்துல போயிடுச்சுன்னு வரைஞ்ச காகிதத்துலேயே எழுதியிருந்தாரே. அந்தக் கைக்கு நாலு விரல்தான் பின்னினேன்."

பதினாறு மாதம் வாலியின் தட்டில் சோறு போட்டவர் ஆல்ஃப். அவர் அதைக் கவனித்ததே இல்லை. வாலியை ஈனிட் கண்ணால்கூடக் கண்டதில்லை. மலை சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது என்று மனம் குளிர்ந்து, அன்றே குழுவுக்குத் திருத்தம் எழுதிப் போட்டார்.