கோனை நேராகத் தூக்குவது

என் சித்தப்பாவைக் கட்டட வேலையிடங்களில் ‘கோன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியில் வரும் கான்கிரீட் எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. மேலும் கீழும் திறந்த, கூம்பு வடிவ இரும்புக் கோனில் அதை அடுக்கடுக்காக நிரப்பி, கம்பியால் குத்தி, மேலே வழித்துவிட்டு, கோனை நேராக மேலே உருவுவார். உள்ளே இருந்த குவியல் தானாகக் கொஞ்சம் அமரும். எவ்வளவு அமர்ந்தது என்பதுதான் அளவு. ஒரு பக்கமாகச் சரிந்தால் மறுபடி பார்க்க வேண்டும்; மறுபடியும் சரிந்தால் லோடு திரும்பிப் போகும்.

கொஞ்ச நாளாக அவருக்கு வலது தோளில் வலி. வெளியே சொல்லவில்லை. சொன்னால் வாசல் கேட்டில் நாற்காலி போட்டு, வண்டி எண்ணை எழுதச் சொல்லிவிடுவார்கள். அதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை.

அன்று லோடு கொண்டுவந்தது சித்தியின் தம்பி. வாய் ஓயாத ஆள். போன வாரம் இதே இடத்திலிருந்து அவருடைய லோடு ஒன்று திரும்பியதில், வழியில் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று கம்பெனியில் பழி விழுந்திருந்தது. இன்னொன்று திரும்பினால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்களாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“பாத்துத் தூக்குங்க மச்சான். அக்கா மேல இருக்குற கோவத்தை என் லோடு மேல காட்டாதீங்க.”

சித்தப்பா தூக்கினார். குவியல் சரிந்தது. மறுபடி நிரப்பித் தூக்கினார். அதே பக்கம் சரிந்தது.

பக்கத்தில் நின்ற பொறியாளர் அம்மா, லோடு திரும்புவதாகக் கம்பெனிக்குச் சொல்லப் போனை எடுத்தார். சித்தப்பா குந்தி உட்கார்ந்து குவியலின் ஓரத்தைப் பார்த்தார். தண்ணீர் கூடியிருந்தால் அங்கே நீர் கசிந்து நிற்கும். கசிவே இல்லை. கல்லும் சாந்தும் பிரியாமல் கிடந்தன.

“மேடம், இருங்க. இந்தத் தடவை நீங்க தூக்குங்க.”

அவரே நிரப்பிக் கொடுத்தார். பொறியாளர் இரண்டு கையாலும் உருவினார். குவியல் சரியாமல், நின்ற இடத்திலேயே அமர்ந்தது. அளவு சரியாக இருந்தது.

“அப்போ போன வாரம் திருப்பி அனுப்பினது?” என்று கேட்டார் பொறியாளர்.

சித்தப்பா தோளைத் தடவிக்கொண்டார்.

“அதுவும் என் கைதான் மேடம். தோள் வலியில நேராத் தூக்க வரல.”

சித்தியின் தம்பி சிரிப்பை விட்டுவிட்டு லாரிப் பக்கம் திரும்பினார்.

“உங்க ஆபீசுக்கு நானே வந்து சொல்றேன் மாப்ள,” என்றார் சித்தப்பா.

“வாங்க,” என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். “மொதல்ல லோடை எறக்கணும். இறுகிடும்.”