ஆஃப் செய்த டிரம்

மேஸ்திரி வேதாசலம் காசிக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. கை முறிந்து வீட்டில் கிடந்த நாட்களின் கூலி அது.

காசி பள்ளிக்கூடத்தை மூன்று வருஷம் மிதித்ததோடு சரி. ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரியில் கழிவு வாரப் போனவன், எவன் காலிலும் விழாமல் டிரம் ஓட்டுகிற ஆளாக நிமிர்ந்தான். சொந்த வீடு கட்டினான். அது சும்மா வந்துவிடுமா?

டிரம் என்றால் ஆளை விட உயரமான மர உருளை. உள்ளே தோலும் மருந்துத் தண்ணீரும்; தோலைப் போட்டு எடுக்க உருளையிலேயே ஒரு கதவு. மோட்டாரை அணைத்தால் உடனே நின்றுவிடாது. ஓடுகிற கனம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், எதுவாவது உரசிப் பிடிக்கிறவரை. பிடிக்கத்தான் பிரேக் கட்டை. அது தேய்ந்து வழவழத்துவிட்டது, மாற்று என்று காசி வாய் வலிக்கச் சொன்னான். வேதாசலம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"ஆஃப் பண்ணிட்டேன், கதவைத் தொறடா!" என்று ஒரு நாள் அவன் விரட்ட, டிரம் வழக்கமான இடத்தில் நிற்கும் என்று காசி கையை நீட்டினான். நிற்கவில்லை. எலும்பு முறிந்தது.

கட்டுப் பிரித்ததும் கூலி கேட்கப் போனான்.

"இன்னா காசி, ஆஃப் பண்ண டிரம் எப்படி அடிக்கும்? தூங்கிக்கினே கைய விட்டிருப்பே. பாவம், ரெண்டாயிரம் தர்றேன்."

காசிக்கு உச்சந்தலை கொதித்தது. "உன் பாவம் யாருக்கு வேணும்? அரக்கோணம் பஸ்ஸுல பிரேக் அடிச்சா நீ ஏன்யா முன்னாடி போய் விழற? பஸ்ஸு நின்னுச்சி, நீ நின்னியா?"

"அவரு ஆள் பார்த்துதான் விழுவாரு!" என்றாள் தோல் அடுக்கிக்கொண்டிருந்த மரியம்மாள். ஷெட்டே சிரித்தது.

காசி டிரம் சுவிட்சைப் போட்டான். அது வேகம் பிடித்ததும் சுவிட்சை அணைத்தான்.

"கட்டை இன்னும் அதேதான். வா மேஸ்திரி, கைய வெச்சி நிறுத்து. நிறுத்திட்டா எனக்கு ஒரு பைசா வேணாம்."

டிரம் தடதடவென்று சுற்றியது. வேதாசலம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பேஜார் பண்ணாதே காசி."

"ஆஃப் பண்ண டிரம்தானே? இன்னா பயம்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வேதாசலம் ஆபீஸ் ரூமுக்குள் போய் முழுப் பணத்தோடு வந்தான்.

காசி இடது கையை நீட்டவில்லை. முறிந்த வலது கையைத்தான் நீட்டினான். விரல் மடங்காமல் விரிந்தே நின்றது.

"முதல்ல கட்டைய மாத்து. இப்ப இதுல எண்ணி வை."

வேதாசலம் ஒவ்வொரு நோட்டாக எண்ணி, அந்த மூடாத உள்ளங்கையில் வைத்தான்.