காட்டாமல் வைத்த பிடி

கடல் எழுந்த அந்த ஞாயிறுக்குப் பின், எங்கள் ஊரில் ஒவ்வொரு மௌத்துக்கும், ஒவ்வொரு சாவுக்கும், மூன்று நான்கு கதைகள் உண்டாயின. கடைசியாகக் கண்டவர், கடைசியாகக் கதைத்தவர், பிடித்த கையை நழுவவிட்டவர் என்று பலர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தெரியாத இடங்களைத் துக்கம் தானாகவே நிரப்பிக்கொண்டது. நானும் என் கூட்டாளியைப் பற்றி அப்படி ஒரு கதையைக் கட்டி, ஐந்தாண்டுகள் அதை நம்பியிருந்தேன். அது முழுவதும் சரியில்லை என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே இங்கே நான் கண்டதையும், ஒருவர் சொல்லி இன்னொருவர் உறுதிப்படுத்தியதையும் மட்டுமே எழுதுகிறேன்.

மருதமுனையில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் ஒரு கேம் கடை இருந்தது. மூன்று டிவிகள், பிளாஸ்டிக் கதிரைகள், சுழலும்போது கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. இரண்டு டிவிகளில் சின்னப் பிள்ளைகள் கார் ஓட்டுவார்கள். சுவரோரம் இருந்த மூன்றாவது டிவி எங்களுடையது. அதில் சண்டைக் கேம் தவிர வேறெதுவும் போடுவதில்லை. இருவர் உட்கார்ந்து ஒருவர் ஆளை மற்றவர் ஆள் அடித்து வீழ்த்தவேண்டும். தோற்றவர் எழும்ப, அடுத்தவர் உட்காருவார்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வென்றவன், தோற்றவனை எந்த அடியால் வீழ்த்தினானோ அதை மெதுவாகச் செய்து காட்டவேண்டும். காட்டிய பிறகே அடுத்த ஆட்டம். "காட்டாதவனுக்கு ரிமோட் இல்ல" என்பார், நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்ட கடைக்காரர். சொன்னபடியே கையிலிருந்து வாங்கியும்விடுவார். இதனால் எங்களில் எவனும் ஒரு கிழமைக்கு மேல் முதல்வனாக இருந்ததில்லை. இன்று தோற்றவன் நாளை அதே அடியோடு வருவான். புதிதாக வந்தவனும் மூன்றாம் நாளே ஒருவனையாவது வென்றுவிடுவான். நற்பிட்டிமுனையிலிருந்தும், யுத்தம் ஓய்ந்திருந்த சமாதான காலமாதலால் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பிற்காலத்தில் வேறு கடைகள் ஆளில்லாமல் வெறிச்சோடியதைக் கண்டபோதுதான், எங்கள் சுவரோரத்தை உயிரோடு வைத்திருந்தது அந்த ஒரு வழக்கம் என்பது எனக்கு விளங்கியது.

என் கூட்டாளியின் வலது பெருவிரல் சிறுவயதில் சைக்கிள் செயினில் சிக்கி வளைந்துபோனது. ஆகவே அவன் ரிமோட்டை மடியில் வைத்து, பொத்தான்களை ஆள்காட்டி விரலால் குத்திக் குத்தி விளையாடுவான். "கோழி கொத்துற மாதிரி" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அந்தக் கோழி எங்களையெல்லாம் கொத்திக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இடைக்கிடை வென்றாலும், பல மாதங்களாக நான் அவனை ஒருமுறைகூட வென்றதில்லை.

கடல் வந்ததற்கு முதல் நாள், அந்தச் சனிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முன் வென்றேன். உதைக்கப்போவதுபோல் காலைத் தூக்கி, உதைக்காமல் நிறுத்தி, அவன் ஆள் தடுப்பதற்குக் கையை உயர்த்திய கணத்தில் பிடித்து எறிந்தேன். தனியே பல நாள் பழகி வைத்திருந்த பிடி அது. மூன்று முறை எறிந்தேன். மூன்று முறையும் விழுந்தான்.

"சரி மச்சான், காட்டு" என்றான்.

"நாளைக்குக் காலம்பற வா. காட்டித் தாறன்."

"இப்ப காட்டினா ஒன்ட கை தேஞ்சிருமா?"

"ஒரு ராவாவது நான் பெரியாளா இரிக்கிறனே."

"பெரியாள்தான். நாளைக்கு வந்து ஒன்ன இறக்கிறன், பாரு."

காக்கா தொழுகைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் ரிமோட்டை வாங்கியிருப்பார், நானும் காட்டியிருப்பேன். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். அவன் கதிரையில் இருந்தபடியே அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தான்.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பின் உம்மா, சம்மாந்துறையில் சாச்சி வீட்டுக்குப் போகவேண்டும், உடுப்பை எடு என்றார். சாச்சியின் மகளுக்கு மறுநாள் கல்யாணப் பேச்சு. அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். காட்டுவதாகச் சொன்னது அப்போது நினைவுக்கும் வந்தது. திங்கட்கிழமை காட்டலாம் என்று எண்ணிக்கொண்டு வான் வண்டியில் ஏறினேன். கரையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சம்மாந்துறைக்குக் கடல் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊருக்குத் திரும்பினோம். எங்கள் வீட்டின் அத்திவாரம் இருந்தது. கேம் கடை இருந்த இடத்தில் அதுவும் இல்லை. அவனுடைய ஜனாஸா அன்று பிற்பகல் கிடைத்தது. உடலின் முகத்தைப் பார்த்து அது அவன்தான் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. அந்தப் பெருவிரலைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

அவன் உம்மா முகாமில் இருந்தார். நாற்பது நாள் கழிந்த பிறகு ஒருமுறை மட்டும் கேட்டேன்.

"அண்டைக்கி எங்க போறன் என்டு சொன்னவனா உம்மா?"

"தேத்தண்ணி குடிச்சான், சேட்டப் போட்டான், போனான். எங்க போறாய் என்டு நான் கேக்கல்ல மனே. ஒவ்வொரு நாளும் போறவன்தானே."

காலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கக் கடற்கரைக்குப் போவதும் அவன் வழக்கம். ஆனால் அன்றைக்கு அவன் கடைக்குத்தான் போனான், என்னைத் தேடித்தான் போனான், நான் காட்டாமல் வைத்த ஒன்றைக் கற்கத்தான் போனான் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். அவன் உம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

காக்கா பிழைத்திருந்தார். இரண்டு வருடம் கழித்துப் பிரதான வீதியில் இன்னொரு கடை போட்டார். டிவிகள் பெரியவை, கதிரைகள் மெத்தை வைத்தவை. பழைய ஆட்களில் நால்வர் கடலோடு போயிருந்தார்கள், சிலர் வேலை தேடிக் கட்டாருக்குப் போயிருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் வென்றால் எழும்பிப்போனார்கள்; எவனும் எவனுக்கும் காட்டவில்லை. காக்காவும் வற்புறுத்தவில்லை. அவருக்குள் ஏதோ தளர்ந்திருந்தது. ஒரு வருடத்தில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. நான் மட்டும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். "இவருக்கு விசர்" என்று ஒருவன் என் காதுபடவே சொன்னான். அந்த ஒரு பிடியை மட்டும் நான் காட்டவில்லை, விளையாடவுமில்லை.

யுத்தம் முடிந்த வருடம், பாடசாலை விடுமுறையில் காக்கா ஒரு போட்டி வைத்தார். இடைப்பட்ட காலத்தில் வராதிருந்த பாண்டிருப்பு இளைஞர்கள் மீண்டும் வந்தார்கள். அவர்களில் என் வயதொத்த ஒருவரோடு எனக்கு ஆட்டம் விழுந்தது. முதற்சுற்று நான் வென்றேன். இரண்டாவதில் அவர் ஆள் காலைத் தூக்கியது. நான் தடுத்தேன். உதை வரவில்லை. என் ஆள் சுவரில் போய் விழுந்தான். மூன்றாவதிலும் அப்படியே.

நான் திரையை விட்டு அவர் கையைப் பார்த்தேன். மற்ற அடிகளுக்கெல்லாம் பெருவிரல். அந்தப் பிடிக்கு மட்டும் ரிமோட்டை மடியில் சாய்த்து, ஆள்காட்டி விரலால் குத்தினார்.

"இத ஆரு உங்களுக்குக் காட்டின?" என்று கேட்டேன்.

"உங்கட ஊர் ஆள்தான் அண்ண. பழைய கடையில. தோத்துப்போய் எழும்பினன். நில்லு, காட்டினாப் பிறகு போ என்டு இருத்திவைச்சுக் காட்டினவர். பெருவிரல் வளைஞ்ச ஒராள்."

"எப்ப?"

"சுனாமிக்கு முதல் நாள் பின்னேரம். கடைசியா அந்தக் கடைக்குப் போனது அண்டைக்குத்தானே, அதான் மறக்கல்ல. இது ஒருத்தன் எனக்கு ஒளிச்ச அடி, பாத்தே புடிச்சிட்டன் என்டு சிரிச்சவர். ஏன் அண்ண, தெரிஞ்ச ஆளா?"

"ஓம்" என்றேன்.

காக்காவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அன்று தொழுதுவிட்டு வந்தபோது, பாண்டிருப்புப் பொடியன் ஒருவனை இருத்திவைத்து என் கூட்டாளி எதையோ காட்டிக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாகச் சொன்னார். மறுநாள் காலை தாம் கடையைத் திறக்கப் போகவே இல்லை என்றும் சொன்னார்.

அடுத்த ஆட்டக்காரன் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். பாண்டிருப்புக்காரர் அவனைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இருங்க. காட்டாம எழும்பக்கூடாதெல்லோ, உங்கட கடைச் சட்டம்."

காலைத் தூக்கினார், நிறுத்தினார், அரை நொடி பொறுத்தார், எறிந்தார். மெதுவாக, மூன்று முறை. பிறகு ரிமோட்டை என் மடியில் சாய்த்துவைத்து, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து உரிய பொத்தானில் வைத்தார். நான் தெரியாதவன்போல இருந்து கற்றுக்கொண்டேன்.

உறுதியானவை இவ்வளவே. அவன் அந்தப் பிடியைச் சனிக்கிழமை மாலையே அறிந்திருந்தான். அதைக் கற்பதற்காக ஞாயிறு காலை அவன் கடைக்கு வரவேண்டிய தேவை இருக்கவில்லை. என்னை இறக்குவதாகச் சொன்னதற்காக வந்திருக்கலாம். வழக்கம்போல் வலை இழுப்பதைப் பார்க்கப் போயிருக்கலாம். கடை பூட்டியிருந்தது, அதன் வாசலில் அவனைக் கண்டதாகச் சொல்ல எவரும் இல்லை. தண்ணீர் எல்லாரையும் இடம் மாற்றிப் போட்டதால், அவன் கிடைத்த இடமும் எதையும் சொல்லாது. சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலைக் கடந்தபின் அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்பது எனக்குத் தெரியாது.