யாரும் பார்க்காத புடவை

போகிக்கு முந்தின வாரம் பீரோவை ஒழிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு வருஷத்துத் துணி முழுவதும் கட்டிலுக்கு வரும். உடுத்துவது, உடுத்தாதது, பழைய துணிக்கு எவர்சில்வர் கொடுக்கும் பாத்திரக்காரிக்குப் போவது என்று பிரிப்போம். எப்போதும் அம்மாதான் பிரிப்பாள். தொண்ணூற்றொன்பது ஜனவரியில் நான் தனியாகப் பிரித்தேன். அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, புதுத்துணி கிடையாது. ஆனால் பீரோவை ஒழிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்பா வாசற்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் கிடந்ததைப் பார்த்தால், ஏதோ பெரிய உடுப்புப் பைத்தியம் குடியிருக்கும் வீடு என்று தோன்றும். அந்த ஒரு வருஷத்தில் எனக்கென்று வாங்கிய பட்டுப்புடவைகள் மட்டும் ஒரு தட்டு நிறைய இருந்தன. என் பழக்கமோ நேர்மாறு. பெங்களூரில் ஓசூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். நாலு சுடிதார், மாற்றி மாற்றி. ஒன்று சாயம் போனால்தான் இன்னொன்று. அப்பாவுக்குச் சட்டையே வாங்கியதில்லை. எங்கள் கம்பெனியில் தையல் கோணிப்போய் ஒதுக்கிய சட்டைகளை ஸ்டாஃபுக்குக் கொடுப்பார்கள். அப்பா காலர் லேபிளைப் பிளேடால் அறுத்துவிட்டுப் போட்டுக்கொள்வார். எங்கள் பேட்டை அடுகோடி முழுக்க அப்படித்தான், பால்காரர்கூட வெளிநாட்டுச் சட்டையில் வருவார்.

பட்டுப்புடவைகள் வந்தது பெண் பார்க்கும் படலத்தால். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு மறந்தாலும் பின் தெருவில் இருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, மறக்காது. புடவைச் சட்டமும் அத்தை கொண்டுவந்ததுதான். பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால், அன்றைக்குக் கட்டியிருந்த புடவைக்கு ராசியில்லை. அடுத்தவர்கள் வரும்போது அதைக் கட்டக் கூடாது, புதிதுதான் கட்ட வேண்டும். எங்கள் ஜனத்தில் பலரும் இதைச் சொல்லுவார்கள், செய்வது கொஞ்சம் பேர்தான். அம்மா செய்தாள்.

முந்தின வருஷம் தைப் பொங்கல் முடிந்ததும் முதலில் வந்தவர்களுக்குத் தக்காளிச் சிவப்பு. என் நிறத்துக்குச் சிவப்பு எடுபடாது என்று சொன்னேன். "கல்யாணக் களை வரும்" என்றாள் அத்தை. வந்த பையனின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"சிக்பேட்டையா? எந்தக் கடை?"

சொன்னேன். எனக்குப் பேர் என்ன, என்ன படித்திருக்கிறேன் என்று அந்தம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. மிக்ஸரும் காபியும் முடிந்ததும், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுப் பல்லிக்கும் தெரியும். அம்மா மட்டும் ஒரு வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கிளிப்பச்சை வந்தது, மாம்பழ மஞ்சள் வந்தது, வெங்காயத்தோல் கலரில் ஒன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாப்பிள்ளை. ஒருவருக்கு நான் கறுப்பு. இன்னொருவருக்கு வேலைக்குப் போகிற பெண் வேண்டாம், வேறொருவருக்கு இன்னும் பெரிய வேலைக்குப் போகிற பெண் வேண்டும். யார் என்ன சொல்லி அனுப்பினாலும் பழி புடவைமேல் விழுந்தது. எனக்கும் அது ஒருவகையில் சௌகரியமாகத்தான் இருந்தது.

கழித்த புடவைகளை அம்மா எடுத்துக் கட்டிக்கொள்வாள். மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு, ரேஷன் கடைக்குக்கூட. சமையலறையில் சரிகைக் கரையோடு நின்று குழம்பைக் கிண்டுகிறவளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும்.

"ஒவ்வொருத்தன் வேணாம்னுட்டுப் போறப்பவும் உனக்கு ஒரு பட்டு. உனக்கு நல்ல வருமானம்தான்" என்றேன் ஒருநாள்.

"பின்ன, பொட்டியில வெச்சுப் பூட்டச் சொல்றியா?" என்றாள் அம்மா. "அதுல இருக்குற தோஷம் கட்டிக் கட்டித்தான் போவும். நீ கட்டக் கூடாது. நான் கட்டினா என்னா? எனக்கு ஆவ வேண்டியது எல்லாம் ஆயாச்சு. என்னை வந்து எவன் வேணாங்கப் போறான்?"

சொல்லிவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அந்த வருஷம் மழைக்காலத்திலிருந்தே மாடிப்படி ஏறினால் அவளுக்கு இரைத்தது. துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனால், நடுப்படியில் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் இருதயம் வீங்கியிருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்கு ஒரே கவலைதான். எனக்கு முடித்துவிட்டுப் போக வேண்டும். அதை மறைத்தும் வைக்கமாட்டாள். "உன்னை ஒருத்தன் கையில குடுத்துட்டா நான் பாட்டுக்குப் போய்ச் சேந்துருவேன்" என்று காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள், ஏதோ பஸ் பிடிக்கப் போகிறவள் மாதிரி.

ஆயுத பூஜைக்கு முன்னால் போனஸ் வந்தது. அன்று சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் சிக்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். வெள்ளை மெத்தைமேல் உட்கார்ந்து புடவை விரிக்கும் கடைக்காரர், கூட யாரும் வரவில்லையா என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார். யாருக்குப் புடவை என்று கன்னடத்தில் கேட்டார். "நனகே" என்றேன், எனக்குத்தான் என்று. அவர் விரித்ததில் ஒன்றை எடுத்தேன். கத்திரிப்பூ நிறம். கரை விரற்கடை அகலம்தான், பளபளப்பு இல்லை. கண்ணாடி முன் தோளில் போட்டுப் பார்த்தேன். என் கறுப்புக்கு அது அவ்வளவு பொருந்தியது. இத்தனை மாதமாக மற்றவர்கள் கண்ணுக்காக உடுத்திக் களைத்திருந்தேன். இந்த ஒன்றாவது எனக்கு என்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வீட்டில் காட்டினேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. உனக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குது" என்றாள். உடனே, "அடுத்தவங்க வரப்ப இத கட்டிக்கோ" என்றாள்.

"மாட்டேன்."

"ஏண்டி?"

"அவங்களும் வேணாம்னுட்டா இதுவும் போயிரும். இத நான் யாருக்கும் காட்டறதா இல்லை."

தீபாவளி கழிந்து கடைசியாக ஒருவர் வந்தார். லிங்கராஜபுரத்தில் சொந்தமாகச் சின்னக் கடை, பார்த்தால் நல்ல மாதிரி. தரகர் சொன்னதிலிருந்தே அம்மாவுக்கு இது முடிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. முந்தின நாள் சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாள். "ஒரே ஒரு தரம் கட்டிக்கோ பாப்பா. எனக்காக. இது உன்னை எடுத்துக் காட்டும்." அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நான் முடியாது என்றுதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். ஒரு பெண்ணுக்கு ஒரு புடவையாவது மிச்சம் வேண்டாமா? அம்மா வற்புறுத்தவில்லை. அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் ராமர் நீலத்தில் ஒன்று வாங்கி வந்தாள். திரும்பி வந்து வெகுநேரம் பேச முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

ராமர் நீலத்துக்கும் அதே பதில்தான், "சொல்லி அனுப்புறோம்."

அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த இடம் அமைந்திருக்கும் என்றாள். அம்மாதான் குறுக்கே வந்தாள். "சும்னே இருங்க அண்ணி. அவ ஆசையா வாங்கினது. அத நல்லதுக்குக் கட்டிக்கட்டும்." அடுத்த நாள் நீலத்தை எடுத்துத் தானே கட்டிக்கொண்டு மாத்திரை வாங்கப் போனாள். மார்கழியில் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள் என்பதில் எனக்கு நிம்மதி. தை பிறந்ததும் மறுபடி தொடங்கலாம் என்பதில் அவளுக்கு.

மார்கழியில் ஒருநாள் காலையில் அம்மா கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து, கோலமாவுக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். காபி ஆற்றிக் கொண்டுபோனேன். சாய்ந்தபடியே இருந்தாள். கூப்பிட்டேன். அப்பா ஓடிவந்து தோளைப் பிடித்து அசைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று பெங்களூரில் பந்த். பஸ் ஓடவில்லை, ஆட்டோ இல்லை, ஒரு கடை திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் யாரும் வர வழியில்லை. சுடுகாட்டுக்குச் சொல்ல அப்பா நடந்தே போனார். பூ மார்க்கெட் மூடியிருந்ததால் தெருப் பெண்கள் தங்கள் வீட்டுச் செடிகளில் இருந்ததைப் பறித்து வந்தார்கள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். புருஷன் இருக்கும்போதே போனவளுக்குப் புதுப்புடவை கட்டிவிட வேண்டும். அது பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கடையும் இல்லை.

அத்தை பீரோவைத் திறந்தாள். அம்மாவின் தட்டில் கிளிப்பச்சை, மஞ்சள், வெங்காயக் கலர், சிவப்பு, நீலம் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. அவளுக்கென்று அந்த வருஷம் வாங்கிய புடவை ஒன்றுகூட இல்லை. தீபாவளிக்கும் என் கழிவைத்தான் கட்டியிருந்தாள். நான் அதைக் கவனித்தும் இருந்தேன், கேலியும் செய்திருந்தேன்.

"இதுங்க ஆவாது" என்றாள் அத்தை. "ராசியில்லாத புடவையில சுமங்கலிய அனுப்பக் கூடாது. கட்டாத புடவை ஒண்ணுகூடவா இல்ல இந்த வீட்டுல?"

நான் என் தட்டிலிருந்து காகிதத்தோடு எடுத்துக் கொடுத்தேன். அத்தை அதை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஆசையா வாங்கினதா இது? எந்த மாப்ளைக்கும் கட்டலியே?"

"யாருக்கும் கட்டல அத்தை. இத யாரும் பாக்கல."

காகிதத்தைப் பிரித்ததும் கடை வாசனை வந்தது. நாங்கள் மூன்று பேர் தூக்கிப் பிடித்துக் கட்டிவிட்டோம். கொசுவத்தை நான்தான் மடித்தேன். புதுப்பட்டு விறைப்பாக இருந்ததால் மடிப்பு நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அம்மாவும் என் நிறம்தான். அந்தக் கத்திரிப்பூ நிறத்தில் அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். வாசலில் கூடியிருந்த பெண்கள், "மகராசி, கல்யாணப் பொண்ணாட்டம் போறா" என்று அழுதார்கள். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனை வரைக்கும் போனேன். பஸ்ஸும் லாரியும் இல்லாத ரோட்டில் அந்த நிறம் வெகுதூரம் வரை தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் பீரோவை ஒழிக்க உட்கார்ந்தேன். அத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வருஷம் திரும்புவதற்குள் எனக்கு முடித்துவிட வேண்டுமாம். அந்தப் பீடைப் புடவைகளை முதலில் வீட்டைவிட்டு அனுப்ப வேண்டுமாம். மத்தியானம் தெருவில் பாத்திரக்காரி குரல் கேட்டது. என் பழைய சுடிதார்களையும் அப்பாவின் கிழிந்த சட்டைகளையும் கொண்டுபோய்ப் போட்டேன். அவள் துணியை உதறிப் பார்த்துவிட்டு, திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலை எட்டிப் பார்த்தாள்.

"சரிகை எல்லாம் இருக்குதே, அது குடுக்கலியா? குக்கரே தரேன்."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது குடுக்கறதில்ல" என்றேன். "அது எங்கம்மா கட்டின புடவை."

உள்ளே வந்து தக்காளிச் சிவப்பைப் பிரித்தேன். முந்தானை ஓரத்தில் குழம்புக் கறை இருந்தது. அடுத்த நாள் காலையில் அதைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.