பூட்டிய வீடு முழுகிய வெள்ளிக்கிழமைகள்

பல ஊர்களில் பல அறைகளில் படுத்து எழும்பியிருக்கிறேன். ஹெந்தளையில் கார்மெண்ட் தொழிற்சாலைப் பிள்ளைகள் தங்கும் போடிங் ஒன்றில், கட்டாரில் ஜன்னல் இல்லாத அறையொன்றில், இடையில் கொஞ்சக் காலம் வவுனியாவில் ஒரு கடையின் சாக்குகளுக்கு நடுவில். எங்கே போனாலும் சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் எனக்கு உடனே நித்திரை வந்துவிடும். நான் வளர்ந்தது ஒரு மாடிப்படியின் கீழே.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் நின்ற தொடர்மாடி அது. நிலத்தில் வாகனங்கள், மேலே மாடிக்கு ஒரு வீடாக நான்கு வீடுகள். அப்பா அங்கே காவல் பார்க்கும் வாச்சர். ஜிந்துப்பிட்டியில் இருந்த வாடகை அறையை விட்டு வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது படிக்கட்டின் கீழிருந்த அறை. அதன் கூரை ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்திருக்கும். உயர்ந்த பக்கத்தில் அம்மா சமைப்பாள், சரிந்த பக்கத்தில் நான் படுப்பேன். குளியலறை கிடையாது. பின்பக்கம் கார் கழுவுகிற பைப் ஒன்று இருந்தது. அங்கே நின்றால் நான்கு பல்கனிகளும் நேரே தலைக்கு மேல். அதனால் அம்மா விடிவதற்கு முன்பே குறுக்குக்கட்டோடு போய், வாளியைச் சத்தமில்லாமல் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். குளித்தாள் என்பதைவிட நனைந்தாள் என்பதுதான் சரி.

எனக்கென்னவோ அந்த அறை பிடித்திருந்தது. நான் படுத்த பக்கத்துச் சுவருக்குள்ளால்தான் மேல் வீடுகளின் குழாய்கள் எல்லாம் கீழே இறங்கின. பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் ஏறவில்லை. ஆனால் அந்தச் சுவரில் காதை வைத்தால் எல்லாம் விளங்கியது. நாலாம் மாடியில் வளர்ந்த பெடியன்கள், அவர்களுடைய தண்ணீர் துணி கிழிவதுபோல வரும். இரண்டாம் மாடியில் ஒரு அன்ரி தனியாக இருந்தார், பிள்ளைகள் கனடாவில். அவர் குளிப்பது வாளியில் மொண்டு. ஒரு ஊற்றல், ஒரு மௌனம், இன்னொரு ஊற்றல். அந்த மௌனத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று நானும் படுத்துக்கொண்டு நினைப்பேன். முதலாம் மாடியில் செக்ரட்டரி அங்கிள். பாங்கில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், தொடர்மாடிக் கமிட்டிக்குச் செயலாளர். பல்லுத் தீட்டும்போதுகூட பைப்பை மூடித் திறந்து, மூடித் திறந்து சிக்கனம் பிடிப்பார். தூரத்தில் ரயில் போகும்போது எல்லாக் குழாய்களும் ஒன்றாக நடுங்கும். பிறகு கடல் கேட்கும். கடல்தான் இந்தச் சுவருக்குள் ஏறிப் போய் எல்லோரையும் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது என்று எனக்கொரு எண்ணம். உப்பை எங்கே விட்டுவிட்டு வருகிறது என்பதுதான் தெரியாமலிருந்தது.

மூன்றாம் மாடி பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் லண்டனில். வீடு இருண்டு கிடக்கக் கூடாது என்பதற்காக, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சாமியறையில் விளக்கேற்றும்படி சாவியை அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். அந்த ஒழுங்கையில் இப்படி யாராவது வந்து விளக்கேற்றுவதற்காகக் காத்திருக்கும் வீடுகள் நிறைய. அம்மா பொழுதுபடும் நேரத்தில் போவாள், ஏற்றுவாள், வருவாள்.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிக்கூடத்தால் வந்து படுத்திருக்கும்போது, வெயில் சரியத் தொடங்குகிற அந்த நேரத்தில், மூன்றாம் மாடிக் குழாயில் தண்ணீர் வந்தது. இரவெல்லாம் காவலிருந்த அப்பா அப்போது நித்திரையில் இருப்பார். அம்மா விளக்குமாறும் வாளியும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக் கழுவப் போயிருப்பாள். மேலே அந்த வீட்டில் ஒருவருமில்லை, தண்ணீர் ஓடுகிறது. மற்ற வீடுகளின் தண்ணீர் போல அவசரமாக அல்ல. ஒரே நூலாக, நீளமாக, முடியாமல் ஓடும். நான் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். கனவில் அந்த வீடு கதவுகளையெல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு மழைக்குள் நிற்கும்.

நான் பயப்படவில்லை. இரண்டாம் மாடி அன்ரி என்னைக் கண்டால், “இண்டைக்கு வெள்ளிக்கிழமை, முழுகினனியோ?” என்று கேட்பார். வெள்ளிக்கிழமை எல்லோரும் தலை முழுகுகிறார்கள், வீடும் முழுகுகிறது. இதில் என்ன அதிசயம் இருக்கிறது?

அன்ரியின் குளியலறைச் சீலிங்கில் ஈரம் படரத் தொடங்கியபோதுதான் பிரச்சினை வந்தது. சனிக்கிழமை கறுத்திருக்கும், புதன்கிழமை காய்ந்துவிடும். தண்ணீர்ப் பில்லும் கூடியிருந்தது. செக்ரட்டரி அங்கிள் குழாய் திருத்துகிற பைப் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தார். அம்மா மூன்றாம் மாடியைத் திறந்துவிட்டு ஒரு ஓரமாக நின்றாள். பாஸ் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, “லீக் எகக் நே, மாத்தயா” என்று சிங்களத்தில் சொல்லிக் கையைத் துடைத்தார். கசிவு இல்லை. அப்படியென்றால் யாரோ கவனிக்காமல் விடுகிறார்கள். கவனிப்பது யாருடைய வேலை? அப்பாவுடைய வேலை. கமிட்டியில் ஏற்கெனவே வாச்சரை அனுப்பிவிட்டு யூனிஃபோர்ம் போட்ட கம்பனி ஆளை வைப்போம் என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அங்கிள் எங்கள் அறை வாசலில் வந்து நின்று அதை ஞாபகப்படுத்தினார்.

“இந்த மாசத்துக்குள்ள காரணம் தெரியவேணும். இல்லாட்டி நான் ஒண்டும் செய்யேலாது. விளங்குதோ?”

“விளங்குதுங்க, சேர்” என்றார் அப்பா. அம்மா உள்ளே தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவலை ஒரு கணம் நின்று மறுபடி சுழன்றது.

அப்பாவுக்கு உதவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இது. அங்கிள் படியேறப் போகையில் பின்னாலேயே போனேன்.

“அங்கிள், வெள்ளிக்கிழமைல பாருங்க. அன்னைக்குத்தான் மூனாம் மாடி வீடு முழுகும்.”

அவர் சிரித்தார். இரண்டு படி ஏறிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “எத்தினை மணிக்கு?” என்று கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மேலே போனார். நானும் போனேன். மூன்றாம் மாடி வாசலில் அம்மாவின் வாளியும் விளக்குமாறும் சாத்தியிருந்தன. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுவரின் வழியாக இல்லாமல் நேரே கேட்பது அதுதான் முதல் தடவை. அங்கிள் மணியை அடித்தார். தண்ணீர் நின்றது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவு திறந்தது.

அம்மா நின்றாள். சட்டையை அவசரமாக மாட்டியிருந்தாள். அவிழ்த்துவிட்ட தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல நித்திரையிலிருந்து எழுப்பப்பட்டவளின் முகம். கதவைப் பிடித்திருந்த விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“என்ன பிள்ளை நடக்குது இங்க?”

“விளக்கேத்த வந்தேங்க, ஐயா.”

“விளக்கேத்திறதுக்கு இவ்வளவு தண்ணி என்னத்துக்கு?”

அப்பா சாரத்தை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். எந்தப் பாத்திரத்தை எதற்குள் வைத்துக் கட்டலாம் என்று யோசிப்பவர் போல இருந்தார். அப்போது கீழ்ப் படியிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடி அன்ரி கைபிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்துகொண்டிருந்தார்.

“பின்னை? குளிக்காமலோ சாமிக்கு விளக்கேத்திறது? உங்கட வீட்டில அப்பிடித்தானோ, தம்பி?”

“அதில்லை அக்கா. உங்கட சீலிங்தானே பழுதாப் போகுது. நீங்கள்தானே கூப்பிட்டுக் காட்டினனீங்கள்.”

“ஓம், காட்டினனான். என்ர சீலிங், கடற்காத்துக்கு வேர்க்குது. வேர்த்திட்டுப் போகட்டும்.”

“தண்ணிப் பில்?”

“நீங்கள் பல்லு மினுக்கேக்க மிச்சம் பிடிக்கிறதில கழிச்சு விடுங்கோ.”

இதை அன்ரி எப்படி அறிந்தார் என்று எனக்கு ஆச்சரியம். என்னைப் போல அவருக்கும் ஒரு சுவர் இருந்திருக்கிறது.

அங்கிள் விடவில்லை. அங்கேயே நின்று லண்டனுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டார். நடந்ததை அவர் அறிக்கை போலச் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கத்துப் பெண்குரல் பொறுத்திருந்தது.

“அண்ணை, குளிச்சிட்டு ஏத்தினால் எங்களுக்குத்தானே நல்லம். நான்தான் சொல்ல மறந்திட்டன். எங்கட பங்குப் பில்லோட அதையும் போடுங்கோ. சுடுதண்ணி மெசினை மட்டும் போடவேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ, கரண்ட் பில் தாங்கேலாது.”

அம்மா போனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அதோடு முடிந்தது. தரையோட்டுக்கு இடையில் சீமெந்து பூச வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமைகளில் மூன்றாம் மாடியில் குளிப்பதற்கு வாச்சரின் மனைவிக்கு அனுமதி உண்டு என்றும் அங்கிள் தானே யோசித்து எடுத்த முடிவு போலச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். கம்பனி ஆளைப் பற்றிய கதை அடங்கிவிட்டது. அப்பா அன்று பின்னேரம் எனக்கு ஒரு கிழங்கு ரோல்ஸ் வாங்கி வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் என் பங்குதான் பெரியது என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா இருட்டோடு எழும்பி, பின்பக்கத்துப் பைப்பில் நனைந்துவிட்டு ஓடி வந்தாள். வெயில் சரியும் நேரத்தில் படிக்கட்டைக் கழுவினாள். பொழுதுபட மேலே போய், விளக்கை ஏற்றிவிட்டு உடனே இறங்கி வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். அன்ரி படியில் நின்று, “ஏன் பிள்ளை, மேல குளிக்கிறேல்லையோ? அதுதான் கதைச்சாச்சே” என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுமே, அங்கேயே குளிக்கலாந்தானே?” என்று கேட்டேன்.

“மேல தண்ணி ரொம்பக் குளிருது” என்றாள்.

இது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை. அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து விளக்கத் தொடங்கினேன். மொட்டைமாடியில் இருப்பது கறுப்புத் தாங்கி. காலையிலிருந்து வெயில் அதன் தலையிலேயே நிற்கிறது. மத்தியானம் கடந்தால் அதிலிருந்து இறங்குவது சுடுதண்ணீர்தான், நாலாம் மாடிக்கு நல்ல சூடு, அதற்கடுத்தது மூன்றாம் மாடி. மெசினே தேவையில்லை. பின்பக்கத்துப் பைப்தான் நிலத்துக்குள்ளால் வருகிறது, விடிய முன் திறந்தால் ஐஸ் மாதிரி இருக்கும். தரையில் விரலால் குழாய்களை வரைந்து, எது எங்கே போகிறது என்றும் காட்டினேன்.

அம்மா போஞ்சிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே கடைசிவரைக்கும் கேட்டாள். “அப்படியா” என்றாள். இதெல்லாம் தெரியாமல் இருக்கிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது.