சீப்புச் சீடைக்கு ஒரு வெப்சைட்

காரைக்குடியில் நான் நடத்தும் பலகாரக் கடைக்கு வெப்சைட் வேண்டும் என்றதும் கொழுந்தனார் ஓடி வந்தார். நாமே போட்டோ ஏற்றுகிற எளிய மென்பொருள் ஒன்றைக் காட்டினேன். வழுக்கையைத் தடவியபடி உதட்டைப் பிதுக்கினார்.

"அதெல்லாம் பொட்டிக்கடைக்கு, அண்ணி. நான் சொல்றதுல பேரை அடிச்சாப் போதும், படத்தை அதுவே போட்டுக்கிரும். நீங்க ஏன் கெடந்து அலட்டிக்கிறீக?"

மேதாவியாயிற்றே என்று விட்டுவிட்டேன். அந்த மகா மென்பொருள், அரிசி மாவில் வரி அழுத்திச் சுருட்டிப் பொரிக்கிற சீப்புச் சீடைக்குத் தலை வாரும் சீப்பின் படத்தைப் போட்டது. மேதாவி அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஊரெல்லாம் லிங்க் அனுப்பினார்.

மறுநாள் திருப்பத்தூரிலிருந்து ஓர் அம்மாள் போனில் கேட்டார்: "இந்தச் சீப்புல ஈரு வருமா?"

"வாரிப் பாத்தவருகிட்டயே கேளுங்க" என்று கொழுந்தனாரின் நம்பரைக் கொடுத்தேன்.